ஆந்தையை வரைந்தவர் ஒருவர், கல்லைச் செதுக்கியவர் இன்னொருவர் என்றால் அந்த பிரிண்ட் யாருடையது? (கெனோஜுவாக் அஷெவாக் பற்றி)

கோடைமழை:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017ல் கனடாவின் 150வது ஆண்டுக்காக ஒரு ஸ்பெஷல் பத்து டாலர் நோட்டு விட்டார்கள் இல்லையா, அதில் ஒன்றைச் செலவழிக்க மனசு வராமல் பர்ஸின் உள்ளறையில் போட்டு வைத்திருந்தேன். போன வாரம் அது மகள் கையில் சிக்கிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இந்த மினுங்குகிற ஆந்தையை யார் வரைந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தேடியதில் 'ஆந்தையின் பூங்கொத்து' என்ற படம், கெனோஜுவாக் அஷெவாக் என்ற இனுயிட் (கனடாவின் வடகோடி ஆர்க்டிக் பகுதிப் பழங்குடி) பெண்மணி செய்தது, 1927ல் பிறந்து 2013 ஜனவரியில் இறந்தார் என்று வந்தது. ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு இவரையே எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளோடு நானும்.

இப்போது குழப்பம் என்னவென்றால், எங்கே பார்த்தாலும் இவரை 'பிரிண்ட்மேக்கர்' (அச்சுப்படம் செய்பவர்) என்கிறார்கள். ஆனால் படங்களுக்குக் கீழே வரைந்தவர் என்று இவர் பெயரும், அச்சிட்டவர் என்று வேறு ஒரு ஆணின் பெயரும் இருக்கிறது. அப்படியென்றால் இவர் பென்சிலில் வரைந்து கொடுத்ததோடு சரியா? கல்லைச் செதுக்கியது, மை போட்டது, தாளை எடுத்தது எல்லாம் வேறு ஆட்களா? மகள் கேட்கிறாள், "அப்போ இவங்க ஏன் பிரிண்ட்மேக்கர்?" நியாயமான கேள்விதானே.

இரண்டாவது, இவர் மூன்று வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். என்ன ஆனது?

மூன்றாவது, 'மாய ஆந்தை' என்ற இவருடைய பிரிண்ட் 2018ல் ஏலத்தில் 2,16,000 டாலருக்குப் போனதாமே. அதில் அவர் குடும்பத்துக்கு ஏதாவது கிடைத்ததா?

யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி இருந்தால் நல்லது, எனக்கும் அதுதான் அளவு.


செதுக்குளி:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். வாரக் கடைசியில் லினோகட் (லினோலியம் தகட்டைச் செதுக்கி அச்செடுப்பது) செய்கிற ஆள் நான். இடது கட்டைவிரலில் இரண்டு தழும்பு இருக்கிறது, அதுதான் என் தகுதிச் சான்றிதழ்.

ஆமாம், உங்கள் மகள் கண்டுபிடித்தது சரி. அந்த ஊரில், அதாவது பாஃபின் தீவின் தெற்கில் இருக்கிற கேப் டோர்செட்டில் (2020லிருந்து அதிகாரப்பூர்வப் பெயர் கிங்ஙைட்), கல் அச்சு என்பது பல கை சேர்ந்து செய்கிற வேலை. கெனோஜுவாக் வீட்டில் உட்கார்ந்து தாளில் வரைவார். அதைக் கூட்டுறவுச் சங்கம் விலைக்கு வாங்கிக்கொள்ளும். இப்படிச் சேருகிற நூற்றுக்கணக்கான ஓவியங்களிலிருந்து அந்த வருஷத் தொகுப்புக்குச் சிலதை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம்தான் கல் பட்டறை வேலை ஆரம்பம்.

கல்லின் முகத்தை முதலில் மட்டமாகத் தேய்த்து எடுப்பார்கள். ஓவியத்தின் வெளிக்கோட்டை அதன்மேல் மாற்றி, அச்சில் வரவேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் செதுக்கித் தள்ள வேண்டும். கல் என்றால் நம்ம கருங்கல் மாதிரி இல்லை, உளிக்கு இடம் கொடுக்கும், ஆனால் ஒரு மெல்லிய இறகு நுனி உடைந்தால் உடைந்ததுதான், ஒட்ட முடியாது. பிறகு சின்னச் சின்ன உருளையால் மை. ஒரே கல்லிலேயே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று நிறம் போடுவார்கள், ஒன்றுக்கொன்று கலந்துவிடாமல். அதன்மேல் மெல்லிய ஜப்பானியக் கைத்தாளைப் போர்த்தி, பின்பக்கத்திலிருந்து கையால் தேய்த்துத் தேய்த்து மையைத் தாளுக்கு ஏற்றுவார்கள். அழுத்துவதற்கு மெஷின் கிடையாது. கை அழுத்தம் எங்கே குறைந்தாலும் அங்கே வெளிறிப்போகும். வழக்கமாக ஒரு படத்துக்கு 50 பிரதி. முடிந்ததும் அந்தக் கல்லின் முகத்தை அழித்துவிடுவார்கள், 51வது பிரதி யாரும் எடுக்க முடியாது.

'மாய ஆந்தை' 1960ல் வந்தது. 50 பிரதியில் 25க்கு வால் சிவப்பும் கறுப்பும், 25க்குப் பச்சையும் கறுப்பும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடம்பு சின்னது. தலையிலிருந்தும் வாலிலிருந்தும் இறகுகள் நீண்டு நீண்டு, நெருப்பு நாக்கு மாதிரி வளைந்து போகும், கண் இரண்டும் நேராக நம்மையே பார்க்கும். அந்த இறகின் ஒவ்வொரு வளைவையும் ஒருவர் கல்லில் ஓரம் சிதறாமல் வெட்டியிருக்கிறார். அதனால்தான் அச்சிட்டவர் பெயரும் போடுகிறார்கள், போடவும் வேண்டும். தாளின் ஓரத்தில் சின்னச் சின்ன முத்திரை இருக்கும், வரைந்தவருக்கு ஒன்று, அச்சிட்டவருக்கு ஒன்று, சங்கத்துக்கு இக்லூ வடிவத்தில் ஒன்று.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. ஜேம்ஸ் ஹூஸ்டன் என்று ஒருவர், ஓவியர், அரசு அதிகாரியாக அந்த ஊரில் இருந்தவர். அவர் சொன்ன கதைப்படி, ஒசுயிடோக் இபீலி என்ற சிற்பி இரண்டு சிகரெட் பாக்கெட்டில் இருந்த மாலுமித் தலைகளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பாக்கெட்டிலும் இதே தலையை உட்கார்ந்து வரைகிறவனுக்கு எவ்வளவு அலுப்பாக இருக்கும் என்றாராம். ஹூஸ்டன் பதில் சொல்லத் தெரியாமல், இபீலி செதுக்கி வைத்திருந்த தந்தத்தின்மேல் மையைத் தடவி, டாய்லெட் பேப்பரை வைத்து அழுத்தி எடுத்துக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்த இபீலி "இதை நாமும் செய்யலாமே" என்றாராம். சரி, அப்புறம் ஹூஸ்டன் ஜப்பானுக்குப் போய் 1958, 59ல் உனிச்சி ஹிராட்சுகாவிடம் மரத்தில் அச்சு எடுக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார். இந்த ஹிராட்சுகா யார் தெரியுமா, 'வரைவதும் நானே, செதுக்குவதும் நானே, அச்சிடுவதும் நானே' என்று நின்ற இயக்கத்தைச் சேர்ந்தவர்! அவரிடம் பாடம் கேட்டுவிட்டு வந்து, கேப் டோர்செட்டில் நடைமுறைக்கு வந்ததென்னவோ அதற்கு முந்தைய பழைய ஜப்பானிய முறை, வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அந்தப் பெரிய அலை இருக்கிறதே, அதற்கும் அவர் மரத்தைச் செதுக்கவில்லை. அது ஹொகுசாயின் படம் இல்லை என்று யாராவது சொல்கிறார்களா?

இன்னொன்று. கெனோஜுவாக் பிளேட்டையே தொடவில்லை என்று எழுதிவிடாதீர்கள். 1960களின் தொடக்கத்தில் அங்கே செம்புத் தகட்டில் கீறி அச்சிடும் முறை வந்தது. அதில் ஓவியர்களே நேரடியாகத் தகட்டில் கீறினார்கள், இவரும் செய்திருக்கிறார். எழுபதுகளில் லித்தோகிராஃபி (செதுக்காமல், மட்டமான கல்லில் வரைந்து அச்சிடும் முறை) வந்தது. அதனால் பிரிண்ட்மேக்கர் என்ற சொல் தப்பில்லை. கல் அச்சுகளைப் பொறுத்தவரை மட்டும் கூட்டு உழைப்பு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.


நூல்கண்டு:

செதுக்குளி அண்ணா நன்றாகச் சொன்னார், ஆனால் எல்லாம் ஹூஸ்டன் வந்த பிறகுதான் தொடங்கியது மாதிரி ஆகிவிட்டது. நான் தையல் வேலை செய்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன்.

இவர் பிறந்தது இகிராசாக் என்ற முகாமில், இக்லூவில். (அதையே தலைப்பாகப் போட்டு 'இக்லூவிலிருந்து உலகப் புகழ்' என்று எழுத வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் அங்கே எல்லோரும் அப்படித்தான் பிறந்தார்கள்.) இறந்துபோன தாய்வழித் தாத்தாவின் பெயரைத்தான் வைத்தார்கள். அவர்கள் வழக்கப்படி பெயரோடு அவர்மேல் இருந்த அன்பும் மரியாதையும் குழந்தைக்கு வந்து சேரும். பேரன் பேத்திக்குத் தாத்தா பாட்டி பெயர் வைக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்பா உஷுவாக்ஜுக் வேட்டைக்காரர், ரோம வியாபாரமும் செய்தவர். மகள் நினைவில் அவர் ஒரு ஷாமனும்கூட, ஆவிகளோடு பேசும் மந்திரவாதி மாதிரி. வானிலை சொல்வார், வால்ரஸாக மாறுவார், மீனைக் கூட்டமாக மேலே வரவழைப்பார் என்றெல்லாம் கெனோஜுவாக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களோடு அப்பாவுக்குப் பகை. 1933ல் ஒரு வேட்டை முகாமில் கொலை செய்யப்பட்டார். பெண்ணுக்கு ஆறு வயது சரியாக நிரம்பியிருக்குமா என்பதே சந்தேகம்.

அதற்குப் பிறகு அம்மாவோடு பாட்டி கொவீசா வீட்டில். பாட்டிதான் கையில் ஊசியைக் கொடுத்தது. சீல் தோலை கரிபூ மானின் நரம்பால் தைப்பது, தண்ணீர் உள்ளே வராமல் தைப்பது, தைத்ததை ஹட்சன்ஸ் பே கம்பெனிக் கடையில் கொடுத்துச் சாமான் வாங்குவது. அங்கே பெண்கள் தோல் வெட்ட உலு என்று ஒரு கத்தி வைத்திருப்பார்கள். அரிவாள்மணையின் அலகைச் சின்னதாக்கி, பிறை மாதிரி வளைத்து, மேலே ஒரு கைப்பிடி வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் உலு. அதை வைத்து இருண்ட தோலில் ஒரு உருவத்தை வெட்டி வெளிர் தோலில் பதித்துத் தைப்பார்கள்.

தோல் வெட்டுகிறவருக்கு நிழல் போடுவது, தூரம் காட்டுவது எதுவும் கிடையாது. இருப்பது ஓரம் மட்டும்தான். இருண்டது எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது, அவ்வளவே. இப்போது அந்த ஆந்தையை மறுபடி பாருங்கள், பின்புலம் இல்லை, தரை இல்லை, வானம் இல்லை, வெறும் வெள்ளைத் தாளில் கச்சிதமாக வெட்டி வைத்த மாதிரி ஒரு உருவம். எனக்கு அது பென்சில் வேலையாகத் தெரியவில்லை, கத்தி வேலையாகத்தான் தெரிகிறது.

நான் சும்மா சொல்லவில்லை. இவருடைய முதல் பிரிண்ட் 'கடற்பாசி தின்னும் முயல்', 1959 தொகுப்பில் வந்தது. அது தாளில் வரைந்த படத்திலிருந்து வந்ததே இல்லை. இவர் தோளில் மாட்டியிருந்த சீல் தோல் பையில் இருந்த உருவம். ஹூஸ்டன் அதைப் பார்த்துக் கேட்டு, அதை ஸ்டென்சிலாக (உருவத்தை வெட்டியெடுத்த ஓட்டை வழியாக மை ஏற்றும் முறை) மாற்றினார்கள். அதாவது அவர் கையில் தாளும் பென்சிலும் வருவதற்கு முன்பே பிரிண்டுக்கான உருவம் தயாராக இருந்தது.

வரையும்போதும் அவர் முன்கூட்டித் திட்டம் போடுவதில்லையாம். ஒரு மூலையில் கோட்டைத் தொடங்குவார், அது போகிற வழியில் போவார். இது என்ன பறவை, என்ன அர்த்தம் என்று கேட்டால் அதெல்லாம் பெரிதில்லை, என் கண்ணுக்கு அழகாக இருக்கும்படி தாளில் வைக்கிறேன் என்பதுதான் பதில். இதற்குமேல் தத்துவம் தேடி எழுதுகிற கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது, மன்னிக்கவும்.


வடக்குவாசல்:

ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

காசநோய். 1940கள், 50களில் வடக்கே இனுயிட் மக்களிடையே அது காட்டுத்தீயாகப் பரவியது. அங்கேயே சிகிச்சைக்கு வசதி செய்யாமல், அரசு கப்பலில் டாக்டர்களை அனுப்பியது. கப்பல் வரும், எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள், நோய் இருந்தால் அப்படியே தெற்கே கொண்டுபோய்விடுவார்கள். கரைக்குத் திரும்பி வீட்டில் சொல்லிக்கொண்டு வரக்கூடப் பலருக்கு நேரம் கிடைக்கவில்லை. எங்கே கொண்டுபோனார்கள், உயிரோடு இருக்கிறாரா, எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாமல் போன குடும்பங்கள் ஏராளம். 1956 வாக்கில் இனுயிட் மக்களில் ஏழு பேருக்கு ஒருவர் தெற்கத்தி ஆஸ்பத்திரிகளில் இருந்தார் என்பது கணக்கு. 2019 மார்ச்சில் அப்போதைய பிரதமர் ட்ரூடோ வடக்கே இக்காலுயிட் என்ற ஊருக்குப் போய் இதற்கு மன்னிப்புக் கேட்டார்.

கெனோஜுவாக்குக்குப் பரிசோதனையில் நோய் தெரிந்தபோது அவர் அப்போதுதான் பிரசவித்திருந்தார். போக மறுத்தார், கேட்கவில்லை. கைக்குழந்தையைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எடுத்துக்கொண்டது. 1952 தொடக்கத்திலிருந்து 1955 கோடை வரை க்யூபெக் நகரத்தில் பார்க் சவார் ஆஸ்பத்திரியில் இருந்தார். மொழி தெரியாது, சாப்பாடு வேறு. அவர் அங்கே படுத்திருந்த காலத்தில் ஊரில் அவருடைய பிள்ளைகள் சிலர் இறந்துபோனார்கள். ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டுகிறார்கள் என்றீர்களே, தாண்டக்கூடாத இடம் இதுதான்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் அங்கே ஹெரால்ட் ஃபைஃபர் என்பவர் நோயாளிகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுத்தார். பொம்மை செய்வது, மணி கோப்பது. கெனோஜுவாக்கும் செய்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கைவேலைதான் ஹூஸ்டன் தம்பதியின் (ஜேம்ஸும் ஆல்மாவும்) கண்ணில் பட்டது. இதை வைத்துக்கொண்டு 'ஆஸ்பத்திரிதான் அவரைக் கலைஞர் ஆக்கியது' என்று சிலர் எழுதுகிறார்கள், படித்தால் கோபம் வருகிறது. நூல்கண்டு மேலே சொன்ன பாட்டி எங்கே போனார்?

குடும்பம் பற்றி: கணவர் ஜானிபோ அஷெவாக், வேட்டைக்காரர். முதலில் அவர் கிட்ட வந்தபோதெல்லாம் இவர் கூழாங்கல்லை எடுத்து எறிவாராம். அப்புறம் அவர்தான் வாழ்நாள் துணை ஆனார், அவரும் வரைவார். இருவரும் சேர்ந்து 1970 ஒசாகா உலகக் கண்காட்சியின் கனடா அரங்குக்கு ஒரு பெரிய சுவர்ச் சிற்பம் செதுக்கினார்கள். ஜானிபோ 1972ல் இறந்தார். அதற்குப் பிறகு மறுமணம் செய்து, அந்தக் கணவரும் 1977ல் போய், மூன்றாவதாகவும் மணந்துகொண்டார். ஜானிபோவோடு பதினொரு பிள்ளைகள், வளர்ப்புப் பிள்ளைகள் ஐந்து பேர், அதில் ஏழு பேரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தார். பள்ளிக்கூடம் வேண்டும் என்றுதான் 1966ல் முகாம் வாழ்க்கையை விட்டுவிட்டு கேப் டோர்செட்டுக்கே குடிவந்தது.


கணக்குப்பிள்ளை:

மூன்றாவது கேள்வி. நேரடியான பதில், சட்டப்படி ஒரு காசு கிடைக்க வழியில்லை.

ஒரு தடவை விற்ற பொருள் கைமாறிக் கைமாறிப் போகும்போது கலைஞருக்கு ஒரு பங்கு தரவேண்டும் என்ற சட்டம் ஐரோப்பாவில் உண்டு, 2018ல் கனடாவில் கிடையாது. யார் கையில் பிரிண்ட் இருந்ததோ அவருக்கும் ஏல கம்பெனிக்கும்தான் பணம். இனுயிட் பிரிண்டுக்கு அதுவரை கேட்காத விலை. அந்தப் பெண்மணி உயிரோடு இருந்திருந்தாலும் இதே கதைதான். நம் ஊரில் சேலை நெய்கிறவருக்கும் ஷோரூம் விலைக்கும் உள்ள தூரம் மாதிரி. பெரிய கலை, பெரிய கௌரவம், சரி, ஆனால் வெள்ளைக்காரர் சம்பாதித்தார், இவர் வரைந்து கொடுத்தார், முடிந்தது.


நூல்கண்டு:

கணக்குப்பிள்ளை, பாதி சரி. ஆனால் 'முடிந்தது' என்று இழுத்து மூடிவிடாதீர்கள்.

ஏன் இந்த வேலையே தொடங்கியது என்று பாருங்கள். 1940களின் கடைசியில் வெள்ளை நரித் தோலின் விலை விழுந்தது. ரோமத்தை நம்பியிருந்த வேட்டைக் குடும்பங்களுக்குக் கையில் காசு வர வேறு வழி இல்லை. கூட்டுறவுச் சங்கம் 1959ல் பதிவானது, உறுப்பினர்கள் அந்த ஊர்க்காரர்களே, லாபம் அவர்களுக்கே. ஓவியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கேயே பணம், அது அச்சுக்குப் போனாலும் சரி போகாவிட்டாலும் சரி. அறுபது வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு வருஷமும் தொகுப்பு வருகிறது. சுமார் 1,400 பேர் இருக்கிற, ரோடே போகாத ஒரு ஊரில் இது சின்ன விஷயமா?

1960களின் தொடக்கத்தில் கனடா அரசின் நேஷனல் ஃபிலிம் போர்டு கெனோஜுவாக்கைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தது, ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. அதில் நடித்ததற்குக் கிடைத்த பணத்தில்தான் ஜானிபோவுக்குச் சொந்தமாகப் படகு வாங்கினார்கள், இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் வேட்டைக்குப் போக முடிந்தது. பென்சில் பிடித்த கை படகு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

எனக்கு இருக்கிற குறை வேறு. எந்தப் படம் விற்பனைக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று 1961லிருந்து தெற்கே ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து முடிவு செய்தது, 1989 வரைக்கும். பாஃபின் தீவில் வரைந்ததை ஒட்டாவாவில் உட்கார்ந்து சரி, சரியில்லை என்றார்கள். விலையைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.


கணக்குப்பிள்ளை:

படகு விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. ஷோரூம் உதாரணத்தை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன் 🙂


வடக்குவாசல்:

ப்ராஜெக்டுக்கு இன்னும் சில விஷயம், அங்கங்கே நினைவுக்கு வருவதை எழுதுகிறேன்.

எஸ்கிமோ என்று எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் படித்த பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, இப்போது அது அவர்களுக்குப் பிடிக்காத சொல். ஒருவர் என்றால் இனுக், பலர் என்றால் இனுயிட், மொழி இனுக்டிடூட். பழைய சங்கப் பெயரிலும் அரசுக் குழுப் பெயரிலும் அந்தச் சொல் வரும், அதை மட்டும் என்ன செய்வது.

பெயர் உச்சரிப்பு: அவர்கள் மொழியில் அந்த 'ஜு' கிட்டத்தட்ட 'யு' மாதிரிதான் ஒலிக்கும். பிரிண்டில் அவர் பெயர் இனுக்டிடூட் எழுத்தில் இருக்கும், முக்கோணமும் கொக்கியுமாக. பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள், ரசிப்பாள். நம்ம உயிர்மெய் மாதிரியே ஒரு எழுத்து ஒரு அசை. நாம் கா, கி, கு என்று காலும் கொம்பும் போடுகிறோம், அவர்கள் அதே எழுத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். எழுத்தின் வடிவம் மெய், அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அது உயிர்.

விருதுப் பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும், அதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். 1967ல் ஆர்டர் ஆஃப் கனடா, 1982ல் அதிலேயே உயர்ந்த படி, 2008ல் கவர்னர் ஜெனரல் விருது. 'மாய ஆந்தை' 1970ல் ஆறு சென்ட் தபால்தலையாக வந்தது, வடமேற்குப் பிரதேசங்களின் நூற்றாண்டுக்காக. பெரும்பாலான கனடாக்காரர்கள் அந்த ஆந்தையை முதலில் பார்த்தது கேலரியில் இல்லை, தபால் கவரில்தான்.

நீங்கள் டொராண்டோ பக்கம் என்றால், ஓக்வில்லில் ஆப்பிள்பி காலேஜ் என்ற பள்ளியின் சிற்றாலயத்தில் இவர் வடிவமைத்த கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, 2004ல் செய்தது. நீலப் பின்னணியில் ஆந்தையும் ஆர்க்டிக் சார் மீனும். எழுபத்தைந்து வயதுக்கு மேல் கண்ணாடி வேலை! பள்ளி வளாகம், அதனால் கேட்டுக்கொண்டு போங்கள்.


கோடைமழை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பகுதியை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அந்த பேபி அப்புறம் அவங்ககிட்ட திரும்பி வந்துச்சா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை, கட்டுரையில் அந்த இடத்தை அப்படியே கேள்வியாகவே விட்டுவிடு என்றேன்.

தலைப்பை மாற்றிவிட்டாள். முன்னால் 'ஆந்தைப் பெண்' என்று வைத்திருந்தாள். இப்போது 'தோல் பையில் இருந்த முயல்'. அச்சிட்டவர் பெயரையும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதப் போகிறாளாம், செதுக்குளிக்குச் சொல்லச் சொன்னாள்.

கடைசியாக ஒன்று. அட்டைப்படத்துக்கு அவளே ஒரு பிரிண்ட் எடுக்க ஆசைப்படுகிறாள். வீட்டில் கல்லும் கிடையாது, லினோ உளி கொடுக்க எனக்குப் பயம் (இரண்டு தழும்பு பற்றிப் படித்த பிறகு இன்னும் பயம்). வேறு வழி உண்டா?


செதுக்குளி:

ஸ்டென்சில் போதும், அந்த முயலே ஸ்டென்சில்தானே. அவர்கள் முதலில் சீல் தோலிலேயே வெட்டிப் பார்த்தார்கள், அப்புறம் மெழுகு ஏற்றிய தாள். நீங்கள் சீரியல் டப்பா அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள், மை ஊறாது. உருவத்தை வரைந்து உள்பக்கத்தைக் கத்தரியால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். கண் மாதிரி நடுவில் தனியாக நிற்கிற துண்டு விழுந்துவிடும், அதனால் ஒரு மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும், இல்லையென்றால் கண்ணை அப்புறம் தனி அட்டையில் போடலாம்.

பிரஷ் குட்டையாக, முடி விறைப்பாக இருக்கட்டும். பழைய ஷேவிங் பிரஷை ஒட்ட வெட்டினாலும் சரி. மையை ரொம்பக் கொஞ்சமாகத் தொட்டு, வேண்டாத தாளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பிரஷை நேராகப் பிடித்து மேலிருந்து குத்திக் குத்தி வைக்க வேண்டும். இழுத்துப் பூசினால் அட்டைக்கு அடியில் போய் ஓரம் கெட்டுவிடும். ஓரத்தில் அழுத்தமாகவும் நடுவில் லேசாகவும் குத்தினால் இறகில் தானாகவே ஒரு உருண்டை வந்த மாதிரி தெரியும்.

முதல் நாலைந்து தாள் பாழாகும், எனக்கு இப்போதும் பாழாகிறது. காய்ந்ததும் கீழே பென்சிலில் 1/10, 2/10 என்று எண் போடச் சொல்லுங்கள். பத்து முடிந்ததும் அந்த அட்டையைக் குறுக்கே வெட்டிப் போட்டுவிட வேண்டும், அதில் மட்டும் ஏமாற்றக்கூடாது.